பாட்டரிக்கு ஒரு காவற்பெட்டி

மாடிமேல் பளபளக்கும் சூரியத் தகட்டைக் காண்போர் அதனையே சூரிய விளக்கின் முழுக் கருவி என எண்ணிவிடுகின்றனர். கீழே மூலையில் வைத்த பாட்டரியை எண்ணிப் பார்ப்போர் சிலர். இவ்விரண்டிற்கும் இடையே உள்ளங்கை அளவினதாய் இருக்கும் ஒரு சிறு பெட்டியைக் கருதுவோர் மிகச் சிலரே. எனினும், வாங்கிய பாட்டரி நான்கைந்து ஆண்டுகள் உழைப்பதும், ஓராண்டிலேயே உயிரிழந்து காயலான் கடைக்குப் போவதும் பெரும்பாலும் அச்சிறு பெட்டியைப் பொறுத்தனவாம். கடைகளில் அதற்குச் ‘சார்ஜ் கண்ட்ரோலர்’ என்று பெயர். அதன் தொழில் காவல் காத்தலே ஆதலின், இக்கட்டுரையில் அதனைக் ‘காவற்பெட்டி’ என்றே அழைப்போம். அஃது எவ்வாறு இயங்குகின்றது, அதனை வீட்டிலேயே எவ்வாறு செய்துகொள்ளலாம் என்பவற்றை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

நமக்கு ஏன் இக்கவலை?

ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன், மாருதி சேவா நகர் முதலிய பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு மின்சாரம் இல்லாமல் இல்லை. கருநாடக அரசு 2023-இல் தொடங்கிய ‘கிருஹ ஜோதி’ திட்டத்தின் பயனைப் பெறுவோரும் நம்மிடையே உளர். அங்ஙனமாயின் சூரிய விளக்கு எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். பணம் மிச்சம் பிடிப்பதற்கு அன்று. 40 வாட்டுத் தகடு ஒரு நாளில் தரும் மின்சாரம், ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கை எட்டுவதும் அரிது. மழைநாளில் மின்சாரம் நின்றவிடத்துப் பிள்ளைகள் பாடம் படிக்க ஒரு விளக்கு வேண்டும். அடுக்களையில் ஒரு விளக்கு வேண்டும். கைபேசிக்கு உயிர் வேண்டும். இவ்வளவே நகரத்தில் நமக்குள்ள தேவை.

பெரிய தேவை சொந்த ஊரில் இருக்கின்றது. நம்மவருட் பலர் இங்கு உழைத்துச் சேர்த்த பணத்தில், வேலூர், திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலுள்ள தம் பெற்றோர்க்குச் சூரிய விளக்கு வாங்கித் தருகின்றனர். மாட்டுத் தொழுவத்திற்கும், கழனிக் கொட்டகைக்கும், கம்பி எட்டாத கொல்லைக்கும் அவ்விளக்கே துணை. விலை குறைவு என்று வாங்கும் தொகுதிகளிற் சிலவற்றில் காவற்பெட்டியே இருப்பதில்லை. தகட்டை நேரே பாட்டரியோடு பிணைத்துவிடுகின்றனர். முதலாண்டு விளக்கு நன்றாகவே எரியும். பின்னர் மாலையில் ஏற்றிய விளக்கு இரவு எட்டு மணிக்கே மங்கும். சில திங்களில் எரியவே எரியாது. ‘மகன் வாங்கித் தந்த விளக்கு கெட்டுப்போயிற்று’ என்று சொல்லவும் மனம் வராமல், தாயார் பழைய மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்து எடுத்துக்கொள்வார். புதுப் பாட்டரிக்கு மீண்டும் சில ஆயிரம் ரூபாய். சில நூறு ரூபாய் பெறும் ஒரு பெட்டி இல்லாமையால் நேரும் இழப்பு இது.

அன்று பிறர் காத்தனர்

காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம், 1902-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாகக் கோலார் தங்கவயலை அடைந்தது. அச்சுரங்கங்களில் உழைத்தோரில் பெருந்தொகையினர் தமிழ் மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் என்பது நம் வீடுகளில் பாட்டனார் வழியே அறியப்பட்ட செய்தி. அதே அருவியின் மின்சாரத்தால் 1905-இல் பெங்களூர்த் தெருக்களில் விளக்குகள் எரிந்தன. அன்றுமுதல் இன்றுவரை கம்பியில் வரும் மின்சாரத்தை அளவுபடுத்திக் காப்பவர்கள் மின்நிலையத்துப் பொறிஞர்களே. நாம் சுவிட்சைத் தட்டினாற் போதும்.

சூரிய விளக்கில் நிலைமை வேறு. மின்சாரம் பிறப்பதும் நம் மாடியில். அது சேர்வதும் நம் வீட்டு மூலையில். மின்நிலையமும் நாமே, அதன் பொறிஞரும் நாமே. ஆகவே காவலும் நம் கடனாகின்றது. அக்கடனை இரவும் பகலும் விழித்திருந்து நாம் ஆற்ற இயலாது. நமக்காக அதனை ஆற்றும் ஏவலாளே காவற்பெட்டி.

தகட்டின் இயல்பு

சிலிக்கனால் ஆகிய சூரிய மின்கலத்தை அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சேப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் 1954-இல் உலகிற்குக் காட்டினர். அதன்மேல் விழுந்த ஒளியாற்றலில் நூற்றுக்கு 6 பங்கு அளவே மின்சாரமாயிற்று. இன்று கடைகளில் விற்கும் நல்ல தகடுகள் 20 பங்கிற்கு மேலும் தருகின்றன. 12 வோல்ட்டுத் தகடு என்று நாம் வாங்குவதில் வழக்கமாக 36 கலங்கள் தொடராக இணைந்துள்ளன. சுமை ஏதும் இல்லாதபோது வெயிலில் அது 21 அல்லது 22 வோல்ட்டு காட்டும். வேலை செய்யும்போது 17, 18 வோல்ட்டில் முழு ஆற்றலையும் தரும். ‘12 வோல்ட்டு’ என்பது 12 வோல்ட்டுப் பாட்டரிக்கு ஏற்றது என்பதன் சுருக்கமே என்க.

பாட்டரியின் இயல்பு

ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட பாட்டரியைப் பிரெஞ்சு நாட்டுப் பிளாந்தே என்பார் 1859-இல் உருவாக்கினார். 12 வோல்ட்டுப் பாட்டரியில் 6 அறைகள் உள்ளன. முழுதும் நிரம்பி ஓய்விலிருக்கும் பாட்டரி 12.7 வோல்ட்டு அளவு காட்டும். பாதி ஒழிந்தது 12.2 வோல்ட்டு; 11.8 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் ஏறத்தாழ முழுதும் ஒழிந்ததாகக் கொள்ளலாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்னும் பழமொழி பாட்டரிக்கு முற்றும் பொருந்தும். மின்னேற்றம் செய்கையில் அதன் அழுத்தம் சிறிது சிறிதாக ஏறி 14.4 வோல்ட்டை அடையும்போது வயிறு ஏறத்தாழ நிரம்பிவிட்டது எனலாம். அதன் பின்னும் விடாது ஊட்டினால், மின்சாரம் அமிலத்திலுள்ள நீரையே ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் வாயுக்களாகப் பிரித்து வெளியேற்றும். நீர்மட்டம் தாழும், தகடுகள் அரிக்கப்பட்டு உதிரும். மூடிய வகைப் பாட்டரியாயின் இழந்த நீரை மீண்டும் ஊற்றவும் வழியில்லை. மறுபுறம், பாட்டரியை வெறுமையாக்கி நாட்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால், தகடுகளின்மேல் ஈய சல்பேட்டு கெட்டிப்பட்டுப் படியும். பின்னர் எவ்வளவு ஊட்டினும் ஏறாது. மிகுதியும் கேடு, குறைவும் கேடு.

மூன்றாவது கேடும் ஒன்றுண்டு. இரவில் தகடு மின்சாரம் தருவதில்லை. மாறாகப் பாட்டரியிலிருந்து சிறிது மின்சாரம் தகட்டின் வழியே பின்னோக்கி ஒழுகும். பகலில் சேர்த்ததில் ஒரு பகுதி இரவில் வீணே கசியும்.

ஆகவே காவற்பெட்டியின் கடமைகள் மூன்று: நிரம்பியதும் ஊட்டுவதை நிறுத்துதல், சற்று இறங்கியதும் மீண்டும் தொடங்குதல், இரவில் பின்னொழுக்கைத் தடுத்தல்.

இரயில் பெட்டி தரும் பாடம்

இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நமக்கு இக்கருத்து புதியதன்று. பழைய வகை இரயில் பெட்டியின் அடியில் பட்டை பூட்டிய மின்னாக்கி ஒன்று தொங்குவதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். வண்டி ஓடுகையில் சக்கர அச்சு அதனைச் சுழற்றும். அது விளக்குகளை எரிப்பதோடு, பெட்டிக்கு அடியிலுள்ள பாட்டரிகளையும் நிரப்பும். வண்டி நிலையத்தில் நின்றதும் மின்னாக்கியும் நின்றுவிடும். விளக்குகளைப் பாட்டரி ஏற்றுக்கொள்ளும். ஜோலார்ப்பேட்டையில் நீண்ட நேரம் நின்றாலும் விளக்கு அணையாமைக்கு இதுவே காரணம்.

வண்டி விரைந்தோடும்போது மின்னாக்கி மிகுதியாக ஊட்டிப் பாட்டரியைக் கெடுத்துவிடாதா? நின்றிருக்கும்போது பாட்டரியின் மின்சாரம் மின்னாக்கிக்குள் திரும்பிப் பாய்ந்துவிடாதா? இவ்விரண்டையும் தடுக்கவே இடையில் ஒரு சீராக்கியை வைத்தனர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சு மின்னாக்கி இரயிலில் புகுந்த காலந்தொட்டே இக்காவல் உண்டு. ஓடும் சக்கரத்தின் இடத்தில் எரிக்கும் ஞாயிற்றை வையுங்கள். நிற்கும் வண்டியின் இடத்தில் இரவை வையுங்கள். நம் மாடியிலுள்ள சூரிய விளக்கும் அந்த இரயில் பெட்டியும் ஒன்றே என்பது விளங்கும்.

வேண்டிய பொருள்கள்

நிற்க. இனிச் செய்முறைக்கு வருவோம். கீழே கூறுவது 40 வாட்டுத் தகட்டுக்கும், 12 வோல்ட்டு 40 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பாட்டரிக்கும் ஏற்றது. இத்தகடு நல்ல வெயிலில் 2.2 ஆம்பியர் அளவு தரும். பெங்களூரில் ஒரு நாளைக்குச் சராசரி 5 மணி நேர முழுவெயிலுக்கு ஈடான ஒளி உண்டு என்று கொண்டால், 11 ஆம்பியர்-மணி சேரும். இழப்புகள் போக, 5 வாட்டு விளக்குகள் இரண்டை மாலை முழுதும் எரித்துக் கைபேசிக்கும் ஊட்ட அது போதும்.

இக்கருவியின் மூளை ‘555’ என்னும் எட்டுக் கால் ஐ.சி. ஆகும். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கேமன்சிண்டு என்பார் 1971-இல் வடிவமைத்த இச்சில்லு, அரை நூற்றாண்டு கடந்தும் உலகெங்கும் மலிவாகக் கிடைக்கின்றது. இதனுடன் 7805 என்னும் 5 வோல்ட்டுச் சீராக்கி ஒன்று, பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஒன்று, 12 வோல்ட்டுச் சுருளும் 10 ஆம்பியர் தாங்கும் முனைகளும் உடைய ரிலே ஒன்று, 1என் 5822 டயோடு ஒன்று, 1என் 4007 டயோடு ஒன்று, 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 10 கிலோ ஓம் பிரிசெட் இரண்டு, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 0.1 மைக்ரோபாரடு கண்டென்சர் இரண்டு, 0.33 மைக்ரோபாரடு கண்டென்சர் ஒன்று, சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்று, 5 ஆம்பியர் பியூஸ் ஒன்று, துளையிட்ட பலகை ஒன்று ஆகியவை வேண்டும். எஸ்.பி. சாலைக் கடைகளில் இவை அனைத்தும் கிடைக்கும். பட்டியலை எழுதிக் காட்டினாற் கடைக்காரர் எடுத்துத் தருவார். பற்றவைக்க 25 வாட்டு இரும்பும், அளக்க ஒரு மல்டிமீட்டரும் கைவசம் இருத்தல் வேண்டும்.

இணைக்கும் முறை

முதலாவது: பாட்டரியின் நேர்முனையிலிருந்து வரும் கம்பியில், பாட்டரிக்கு மிக அண்மையில் பியூஸை வைக்கவும். பியூஸைக் கடந்து பலகைக்கு வரும் கம்பியை ‘நேர்க் கம்பி’ என்று கொள்வோம். பாட்டரி, தகடு, பலகை ஆகிய மூன்றின் எதிர்முனைகளையும் ஒன்றாகச் சேர்க்கவும்; அது ‘பொதுக் கம்பி’.

இரண்டாவது: 7805-இன் எழுத்துள்ள பக்கத்தை நம்மை நோக்கிப் பிடித்தால், இடக் கால் நேர்க் கம்பிக்கு, நடுக் கால் பொதுக் கம்பிக்கு, வலக் காலில் 5 வோல்ட்டு கிடைக்கும். இடக் காலுக்கும் பொதுவுக்கும் இடையே 0.33 கண்டென்சரும், வலக் காலுக்கும் பொதுவுக்கும் இடையே 0.1 கண்டென்சர் ஒன்றும் இடுக.

மூன்றாவது: 555-இன் 4, 8-ஆம் கால்கள் 5 வோல்ட்டுக்கு, 1-ஆம் கால் பொதுவுக்கு, 5-ஆம் காலிலிருந்து மற்றொரு 0.1 கண்டென்சர் வழியே பொதுவுக்கு. 7-ஆம் காலை வெறுமையாக விடுக.

நான்காவது: நேர்க் கம்பியிலிருந்து ஒரு 22 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் கீழே ஒரு பிரிசெட், பிரிசெட்டின் மறுமுனை பொதுவுக்கு. பிரிசெட்டின் நடுக் கால் 555-இன் 6-ஆம் காலுக்குச் செல்லும். இதே போன்று இரண்டாவது ரெசிஸ்டரையும் இரண்டாவது பிரிசெட்டையும் இணைத்து, அதன் நடுக் காலை 2-ஆம் காலுக்குக் கொடுக்கவும்.

ஐந்தாவது: 3-ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம் வழியே டிரான்சிஸ்டரின் பேஸுக்கு; எமிட்டர் பொதுவுக்கு; கலெக்டர் ரிலேச் சுருளின் ஒரு முனைக்கு. சுருளின் மறுமுனை தகட்டின் நேர்முனைக்கு. சுருளின் குறுக்கே 1என் 4007 டயோடை, அதன் வளையக் கோடுள்ள முனை தகட்டின் பக்கம் இருக்குமாறு இடுக. 3-ஆம் காலிலிருந்தே 330 ஓம் வழியாக எல்.இ.டி. விளக்கையும் பொதுவுக்கு இணைக்கவும்.

ஆறாவது: தகட்டின் நேர்முனை ரிலேயின் பொது முனைக்கு. ரிலே இழுக்கும்போது மட்டும் சேரும் முனையிலிருந்து 1என் 5822 டயோடு வழியே நேர்க் கம்பிக்கு. இந்த டயோடின் வளையக் கோடு பாட்டரியின் பக்கம் இருத்தல் வேண்டும்.

இயங்கும் விதம்

555-இன் உள்ளே இரண்டு ஒப்பளவிகள் உள்ளன. 6-ஆம் காலின் அழுத்தம் 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 3.33 வோல்ட்டைக் கடந்தால் 3-ஆம் கால் அணையும். 2-ஆம் காலின் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிய 1.67 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் 3-ஆம் கால் எழும். இடைப்பட்ட நிலையில் முன்னிருந்தபடியே இருக்கும். பாட்டரி 14.4 வோல்ட்டை எட்டியதும் முதலாவதும், 13.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் இரண்டாவதும் நிகழுமாறு பிரிசெட்டுகளைத் திருகிவிட்டால் காவற்பெட்டி தன் தொழிலைத் தொடங்கிவிடும். ஒரே அளவில் நிறுத்தவும் தொடங்கவும் வைத்தால் ரிலே ஓயாது தடதடக்கும். இடைவெளி விட்டமை அதனைத் தவிர்ப்பதற்கே.

ரிலேச் சுருளைப் பாட்டரியோடு இணையாமல் தகட்டோடு இணைத்தது ஏன் என்று கூர்ந்து நோக்கும் அன்பர்கள் கேட்கலாம். இரவில் தகட்டில் மின்சாரம் இல்லை. ஆகவே ரிலே தானே விட்டுவிடும். பாட்டரியின் மின்சாரத்தைத் தின்னாது. விடிந்து வெயில் ஏறியதும் தானே பிடித்துக்கொள்ளும். 1என் 5822 டயோடு பின்னொழுக்கைத் தடுப்பதோடு, பாட்டரியே ரிலேயை இரவு முழுதும் பிடித்து வைத்துக்கொள்ளாமலும் காக்கின்றது. ஆதலின் அதனை விட்டுவிடலாகாது.

அளவு அமைத்தல்

பாட்டரியையும் தகட்டையும் இணைக்குமுன் அளவு அமைத்தல் இன்றியமையாதது. இதற்கு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மின்வழங்கி ஒன்று வேண்டும். மின்னணுப் பொருள்களைப் பழுதுபார்க்கும் கடைகளில் அஃது இருக்கும். அரைமணி நேரம் அவ்விடத்திலேயே அமைத்துக்கொள்ளலாம். மின்வழங்கியின் நேர்முனையை நேர்க் கம்பிக்கும், எதிர்முனையைப் பொதுக் கம்பிக்கும் கொடுக்கவும்.

7805 எப்போதும் சரியாக 5 வோல்ட்டே தரும் என்பதில்லை. சிறிது கூடலாம், குறையலாம். எனவே முதலில் 555-இன் 5-ஆம் காலை அளக்கவும். அங்குக் காணும் அளவே மூன்றில் இரண்டு பங்காகும். அதில் பாதி மூன்றில் ஒரு பங்கு. பின்னர் மின்வழங்கியைச் சரியாக 14.4 வோல்ட்டில் வைத்து, 6-ஆம் காலில் அம்முதல் அளவு வரும்வரை முதற் பிரிசெட்டைத் திருகவும். அடுத்து மின்வழங்கியை 13.2 வோல்ட்டில் வைத்து, 2-ஆம் காலில் அதன் பாதி அளவு வரும்வரை இரண்டாம் பிரிசெட்டைத் திருகவும். இனி மின்வழங்கியை 13 வோல்ட்டிலிருந்து மெல்ல உயர்த்தினால் 14.4-இல் எல்.இ.டி. அணைதல் வேண்டும், மெல்ல இறக்கினால் 13.2-இல் மீண்டும் எரிதல் வேண்டும். இருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்து, பிரிசெட்டுகளின்மேல் ஒரு துளி நகப்பூச்சு இட்டால் அவை அசையமாட்டா.

இங்கு நம்மவர் சிறப்பாகக் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 14.4 வோல்ட்டு என்பது 25 பாகை வெப்பத்திற்குரிய அளவு. வெப்பம் ஒரு பாகை ஏறினால், நிறுத்தும் அளவு 0.02 வோல்ட்டுக்குச் சற்று மேலாகக் குறைதல் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயர்ந்த பெங்களூரில் அமைத்த பெட்டியை அப்படியே வேலூருக்குக் கொண்டுசென்றால், 40 பாகை கொளுத்தும் கோடையில் அது பாட்டரியை மிகையாக ஊட்டும். ஊருக்கு அனுப்பும் பெட்டியை 14.1 வோல்ட்டில் நிற்குமாறு இங்கேயே அமைத்து அனுப்புதல் நலம். ஆள் இடம்பெயர்ந்தால் பழக்கம் மாறுவது போன்று, பெட்டி இடம்பெயர்ந்தால் அதன் அளவும் மாறவேண்டும்.

பிணைக்கும் வரிசையும் பிற எச்சரிக்கைகளும்

முதலில் பாட்டரியை இணைக்கவும். பிறகே தகட்டை இணைக்கவும். கழற்றும்போது முதலில் தகடு, பின்னர் பாட்டரி. நேர்முனையும் எதிர்முனையும் மாறிவிட்டால் நொடியில் உறுப்புகள் கருகும். ஆகவே ஒவ்வொரு முறையும் மல்டிமீட்டரால் பார்த்தே இணைக்கவும்.

மின்னழுத்தம் 12 வோல்ட்டே ஆயினும் பாட்டரியின் வலிமை பெரிது. அதன் இரு முனைகளையும் உலோகம் இணைத்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து அவ்வுலோகம் பழுக்கக் காயும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவைத்தே பாட்டரியைத் தொடவும். மின்னேற்றத்தின்போது வெளிப்படும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது; ஆதலின் பாட்டரியை அடுப்பறையிலும் படுக்கையறையிலும் வைக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும். அமிலம் தோலில் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவவும். கண்ணிற் பட்டால் தொடர்ந்து கழுவி மருத்துவரை நாடவும். நீர் ஊற்றும் வகையாயின் காய்ச்சி வடித்த நீரையன்றிக் குழாய் நீரை ஊற்றலாகாது.

இப்பெட்டியைச் சுவரிலுள்ள 230 வோல்ட்டு மின்சாரத்தோடு எவ்வகையிலும் இணைத்தல் கூடாது. லித்தியம் பாட்டரிக்கும் இது பொருந்தாது. அதற்குத் தனிக் காவல் முறை உண்டு. 40 வாட்டுக்கு மேற்பட்ட தகட்டுக்கு இதில் கூறிய டயோடு தாங்காது. பெரிய தகடு வைப்போர் நற்பெயர் பெற்ற ஆயத்தப் பெட்டியை வாங்குதலே தக்கது.

பாட்டரி வெறுமையாவதை இப்பெட்டி தடுப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவும். அதற்கென ஒரு சிறு வோல்ட்டுமானியை நேர்க் கம்பிக்கும் பொதுக் கம்பிக்கும் இடையே, அழுத்தும்போது மட்டும் இணையும் பொத்தானோடு பொருத்தி, விளக்கெரியும்போது 11.8 வோல்ட்டு காட்டினால் விளக்கை அணைத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். திங்களுக்கு ஒருமுறை நண்பகலில் பாட்டரி நிரம்பியிருக்கையில் அளந்து பார்க்கவும். அமைத்த அளவைக் கடந்து 14.6-க்கு மேல் ஏறினால் ரிலே ஒட்டிக்கொண்டது என்பது பொருள். தகட்டைத் தெற்கு நோக்கி ஏறத்தாழ 13 பாகை சாய்த்து வைத்து, வாரம் ஒருமுறை தூசியைத் துடைக்கவும். வாடகை வீட்டில் இருப்போர் மாடியில் தகடு வைக்குமுன் வீட்டுக்காரரின் ஒப்புதலைப் பெறுதல் நாகரிகம்.

பழுதான பாட்டரியை உடைத்து ஈயம் எடுப்பது உடலுக்குப் பெருந்தீங்கு, அதிலும் குழந்தைகளுக்கு. 2022-ஆம் ஆண்டு வெளியான பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அவற்றை முறைப்படி திரும்பச் சேர்ப்பிக்கவேண்டும் என்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து அதற்குரிய விலையையும் பெற்றுக்கொள்ளலாம்.

நம்மால் ஆகுமா?

இவ்வளவும் படித்த பின்னர், ‘இது பொறியியல் பயின்றவர்களுக்கு உரியது, நம்மால் ஆகுமா?’ என்று சிலர் அஞ்சலாம். நாம் மெட்ரிக்குலேஷன் வரையில்தான் பயின்றவர்கள்; அலுவலகத்தில் நம் கைக்குப் பழக்கமானது பேனாவே. விடுமுறை நாட்கள் இரண்டில் இப்பெட்டியைச் செய்து ஜீவனஹள்ளியில் நம் இல்லத்தில் வைத்துள்ளோம்.

நம் சான்று சிறிது; பெரிய சான்று இராசஸ்தானத்தில் உள்ளது. ஆஜ்மீர் மாவட்டத்துத் திலோனியா என்னும் சிற்றூரில் பங்கர் ராய் என்பார் 1972-இல் தொடங்கிய நிறுவனம் ‘வெறுங்கால் கல்லூரி’ என்று பெயர் பெற்றது. அங்கு, எழுத்தறியாத அல்லது சிறிதே அறிந்த கிராமத்துத் தாய்மார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்களும்கூட, சூரிய விளக்கின் உறுப்புகளைப் பற்றவைத்து இணைக்கக் கற்கின்றனர். அவர்கள் தம் கையால் செய்யும் உறுப்புகளுள் இக்காவற்பெட்டியும் ஒன்று. ரெசிஸ்டரின் நிறக் கோடுகளையும், கைச் செய்கையையும், கண்ணாற் காண்பதையும் கொண்டே அவர்களுக்குப் பயிற்சி நடைபெறுகின்றது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்தும் பெண்கள் வந்து ஆறு திங்கள் தங்கிக் கற்றுச் சென்று, தம் ஊர்களில் விளக்கேற்றியுள்ளனர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. ஆயினும் பற்றவைக்கும் இரும்பின் மொழி அனைவர்க்கும் ஒன்றே.

நம் பெங்களூரிலும் ஒரு சான்று உண்டு. ஹரீஷ் ஹண்டே என்பார் இணைந்து 1995-இல் தொடங்கிய ‘செல்கோ’ நிறுவனம், ஏழைக் குடும்பங்களுக்குத் தவணையில் சூரிய விளக்கு கிடைக்க வழிசெய்தது. வீடுதேடிச் சென்று பழுதுபார்க்கும் ஏற்பாட்டையும் அது தன் கடமையாகவே கொண்டது. அப்பணிக்காக 2011-இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. விளக்கை விற்பது எளிது. அதனை ஆண்டுதோறும் எரியவைப்பதே அரிது என்னும் உண்மையை அந்நிறுவனத்தின் முறை நமக்கு உணர்த்துகின்றது.

திலோனியாத் தாய்மார்களின் கதையில் நாம் கொள்ளவேண்டிய கருத்து யாதெனில், கருவியைச் செய்யத் தெரிந்தவர் அதனைப் பழுதுபார்க்கவும் அறிவார். பழுதுபார்க்க அறிந்தவர் ஏமாறமாட்டார் என்பதே. காவற்பெட்டியைக் கையால் செய்யாதவர்களும் அதன் தொழிலை அறிந்திருந்தால், சூரிய விளக்கு வாங்கும் கடையில் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்பார்கள்: இதில் காவற்பெட்டி உண்டா? எத்தனை வோல்ட்டில் நிறுத்தும்? எத்தனை வோல்ட்டில் தொடங்கும்? விடை தெரியாமல் விழிக்கும் கடையில் வாங்கவேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் நம் பிள்ளைகள், ஆண் பெண் இருபாலரும், பெரியவர்கள் அருகிருக்க இப்பெட்டியைச் செய்து பார்ப்பார்களாக. பாடநூலில் ஓம் விதியென்று மனப்பாடம் செய்தது, பிரிசெட்டைத் திருகும்போது விரல் நுனியில் வந்து நிற்கும். செய்து முடித்தவர்கள் பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் ஒன்றைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். தகட்டிலிருந்து பாட்டரிக்கு நேரே ஓடும் கம்பியைக் கண்டால், அவ்விடத்தில் இதனை வைத்து இணைத்துவிட்டு, அதன் செய்முறையை அவ்வூரிலுள்ள ஓர் இளைஞருக்கும் சொல்லிக் கொடுத்து வாருங்கள். பாட்டரி முன்னமே கெட்டிருந்தால் அதனை இப்பெட்டி மீட்காது. அடுத்து வாங்கும் பாட்டரியைக் காக்கும்.